கண் திறக்காத எலி

எலி வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என்னவோ ஆரம்பத்திலிருந்தே எலியின் கட்சி என்று பிற்பாடு யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீடு பட்டாபிராமில், வேலை ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில். பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒருவர் பிள்ளைகளுக்காக அறிவியல் பூங்கா ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். என்னென்ன வைக்கலாம், எங்கே வைக்கலாம், பலகைகளில் என்ன எழுதலாம் என்று சொல்ல அவருக்கு ஒரு ஆசிரியர் தேவைப்பட்டார். யாரோ என்னைக் கை காட்டிவிட்டார்கள்.

அந்த முதலாளி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் சேர்ந்து, மெல்ல மெல்லச் சொந்தப் பட்டறை வைத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். "இதே நெலத்துல எங்கப்பாரு கூலிக்கு நாத்து நட்டாரு டீச்சர். இங்க புள்ளைங்க வந்து நாலு விசயம் தெரிஞ்சிகினு போணும்" என்று முதல் நாளே சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் இரண்டு மாதம் அவரோடு சண்டை போட்டதும் அந்தப் பிடிப்பினால்தான்.

கப்பிகளும் கயிறும் மாட்டிய ஊஞ்சல் ஒன்று வைத்தோம். உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். ஒரு சிறுமி ஒரு பெரிய ஆளைத் தூக்கும் அளவுக்கு நீளமான ஏற்றப்பலகை, அதாவது சீசா, வைத்தோம். கம்பங்களின் மேல் கோள்கள். எல்லாவற்றுக்கும் முதலாளியின் பட்டறையிலேயே இரும்பு வெட்டி வந்தது. ஆனால் என் உயிர் முழுக்க இருந்தது சாலையோரம் கட்டிய இருட்டறையில்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எனக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஏழு வயதிருக்கும். வெயில் வராமல் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு அம்மா என்னைப் படுக்க வைத்திருந்தாள். ஜன்னல் பலகையில் ஒரு ஆணி ஓட்டை. எதிர்ச் சுவரில் ஒரு ஆடு தலைகீழாக நடந்து போவதைப் பார்த்தேன். வெள்ளை ஆடு. கால்கள் மேலே, தாடி கீழே. "அம்மா, ஆடு தலைகீழா போகுது" என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஈரத்துணியை மாற்றினாள். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பல வருடம் கழித்துக் கல்லூரியில் ஒளியைப் பற்றிப் பாடம் நடந்தபோதுதான் அந்த ஆடு காய்ச்சலில் வந்த ஆடு அல்ல, தெருவில் போன நிஜ ஆடு என்று தெரிந்தது. வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு அவ்வளவாக வாய்க்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தை ஒரு அறையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தேன். சாலையைப் பார்த்த சுவரில், ஒரு பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே, ஒரு துளை. அதில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடியின் வில்லை. உள்ளே எதிர்ச் சுவருக்கு வெள்ளை. வாசலுக்குக் கறுப்புத் திரை. காலை வெயில் எதிர்ப்பக்கத்து டீக்கடை மேல் நேராக விழும் நேரத்தில் உள்ளே போய் நின்றால், சுவர் முழுக்க நெடுஞ்சாலை தலைகீழாக ஓடும். லாரி, பஸ், சைக்கிளில் போகும் பால்காரர், டீ ஆற்றும் கை, எல்லாம் நிறத்தோடு, சத்தமில்லாமல்.

பூங்கா திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒரு நாள் சும்மா உள்ளே விட்டுப் பார்த்தோம். ஊஞ்சலுக்கு அடிதடி. ஏற்றப்பலகையில் ஒரே கூச்சல். என் அறைக்கு ஒரே ஒரு பையன் வந்தான். திரையை விலக்கினான், உள்ளே எட்டிப் பார்த்தான், "டேய், பேய் ரூம்டா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். பேயே கூப்பிடுவதாக நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் முதலாளி வந்தார்.

"டீச்சர், உங்க மனசு நோவறதுக்குச் சொல்லல. அந்த ரூமுக்கு ஒரு ஈ காக்கா வரல. தெறப்பு உழா அன்னிக்கு, லீவுன்னாலும், ரெண்டு ஸ்கூலு புள்ளைங்க வருது. அன்னிக்கும் இதே கதின்னா, அத்த ஐஸ்கிரீம் கடைக்கு உட்டுர்லாம்னு கீறேன்."

நான் பதில் சொல்லுமுன் அவர் அடுத்த குண்டைப் போட்டார்.

"அப்பால, ஞாயித்துக்கெழமை டீவியில வருதே எலி, வாத்து, பூனை, அதுங்கள எல்லாம் அங்கங்க வரையச் சொல்லிட்டேன். பெரிய எலி உங்க ரூமு செவுத்துல. தெரிஞ்ச மூஞ்சி கீதுன்னா புள்ளைங்க தைரியமா வரும்."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடுக்காது. "எலிக்கும் ஒளிக்கும் என்ன சார் சம்பந்தம்? வாத்து வந்து ஈர்ப்பு விசையைச் சொல்லித் தருமா? இது படிக்கிற இடமா, பொம்மைக் கடையா? மருந்தைத் தேனில் குழைச்சுக் கொடுத்தா பிள்ளை தேனை நக்கிட்டு மருந்தைத் துப்பிடும்" என்றேன்.

"நக்குறதுக்காவது வாயத் தொறக்குது இல்ல டீச்சர்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது.

மறுநாள் ஓவியர் வந்தார். பூந்தமல்லியில் லாரிகளுக்குப் படம் போடுகிறவர். தேர்தல் வந்தால் சுவர், திருவிழா வந்தால் சாமி, படம் வந்தால் பேனர். என் வயதுதான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடப் பையின் மேல் இருந்த எலிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் சின்னச் சின்னக் கட்டம் போட்டார். சுவரில் பெரிய பெரிய கட்டம் போட்டார். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்கினார். கணக்குச் சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கை பழகிய பழக்கம் எங்கே போகும்? வாத்துக்குக் கதாநாயகியின் கன்னச் சிவப்பு வந்தது. பூனை வாக்குக் கேட்டுக் கும்பிட்டது. ஊஞ்சலோரம் போட்ட சின்ன எலிக்கு முறுக்கு மீசை. லாரியின் பின்பலகையில் வரைகிற பாயும் புலியின் மீசை அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது.

"எலிக்கு இவ்வளவு மீசை எதுக்குங்க?" என்றேன்.

"ஈரோ டீச்சர். ஈரோன்னா மீசை வாணாமா?"

சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் ஆவதற்குள் அவரே கேட்டார், "இந்த ரூமுல இன்னா கீது டீச்சர்?" என்று. திரையைத் தூக்கி உள்ளே அனுப்பினேன். கண் பழகும் நேரம்தான் ஆகியிருக்கும், ஒரு அலறல். பயந்துபோய் ஓடினேன். டீக்கடை முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. சுவரில் அது சக்கரம் மேலாகத் தொங்கியது. அதன் பக்கவாட்டில் ஒரு மயில், கால் மேலே, தோகை கீழே.

"நம்ம மயிலு டீச்சர்! நம்ம கையால போட்டது! போன பொங்கலுக்கு ரெடி பண்ணி உட்டது. எங்க போச்சோன்னு நெனச்சிகினு இருந்தேன், இங்க வந்து தலகீழா தொங்கினு கீது!"

வெளியே ஓடி லாரியைப் பார்த்தார். உள்ளே ஓடி வந்து சுவரைப் பார்த்தார். டிரைவர் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கும் வரை இதே வேலை. அந்த அறையை ஆசை ஆசையாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான். ஆனாலும் எலிக்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

"என்ன வேணா வரைஞ்சுக்குங்க. அந்த வில்லையை மட்டும் மூடிடாதீங்க" என்றேன்.

"அத்த எங்கிட்ட உடுங்க டீச்சர்" என்றார். பெயிண்ட் தெறிக்காமல் இருக்க வில்லையின் மேல் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினார். அதோடு நான் அந்தச் சுவர்ப்பக்கமே போகவில்லை. கோபம்தான். பூங்காவின் அடுத்த கோடியில் உட்கார்ந்து கோள்களுக்குப் பலகை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகும்போதுதான் கவனித்தேன். பூங்கா முழுக்க எலியும் வாத்தும் பூனையும் நிற்கின்றன. ஒன்றுக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை முட்டைகள்.

"என்னங்க இது? நாளைக்குத் திறப்பு விழா!"

"கண்ணு கடைசில தான் தொறக்கணும் டீச்சர். காலைல ஆறுக்கு மேல நல்ல நேரம். வந்து டக்கு டக்குன்னு தொறந்து உட்டுர்றேன்."

"அது சாமிக்குங்க. எலிக்கெல்லாமா?"

"சாமியா இருந்தா இன்னா, எலியா இருந்தா இன்னா? கண்ணு கண்ணுதான். கெட்ட நேரத்துல தொறந்தா நம்மளப் பாத்து மொறச்சிகினே நிக்கும். நாளைக்கு நீங்கதான் வந்து சொல்வீங்க, எலி மொறைக்கிதுன்னு."

முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஊரே அவர்கள் பக்கம், நான் என்ன செய்ய?

சனிக்கிழமை காலை ஏழுக்கே போய்விட்டேன். ஓவியரைக் காணோம். எட்டானது. எட்டரை ஆனது. வாழைமரமெல்லாம் கட்டியாயிற்று, முதலாளி பட்டு வேட்டியில் நிலைகொள்ளாமல் நடக்கிறார். கடைசியில் ஒன்பது அடித்துச் சில நிமிடம் ஆனபின் ஓவியரின் மொபெட் உள்ளே வந்தது. அம்பத்தூரில் மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார், காலையில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், ஒரு கூட்ஸ் வண்டி வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"பரவாயில்லை, சீக்கிரம் கண்ணை வரைங்க" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். இருவர் முகமும் ஒரே மாதிரி தொங்கியது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம்.

"பத்தர வரைக்கும் பிரஷ்ஷத் தொட மாட்டேன் டீச்சர். தப்பா நெனைக்காதீங்க."

"தொடாத" என்றார் முதலாளி. "நானும் ரிப்பன் வெட்டல. ஊஞ்சலு, பலகை எதுவும் பத்தர வரைக்கும் ஆட வாணாம்."

விழா பதினொன்றுக்குத்தான் என்று இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லியிருந்தது. ஆனால் வேன் வைத்துக் கூட்டிவருகிற பள்ளிக்கூடம் எது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? ஒன்பதரைக்கே இரண்டு வேன் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஊஞ்சலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஏற்றப்பலகையின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. வெயிலில் நின்றுகொண்டு அவர்கள் பார்ப்பதற்கு இருந்தவை கண் இல்லாத எலியும் கண் இல்லாத வாத்தும்தான்.

உடனே கேள்விகள் தொடங்கின. "வாத்துக்குக் கண்ணு தெரியாதா?" "பூனை தூங்குதா?" "யாரு பிடுங்கினாங்க?" ஒரு பொடிசு அழவே ஆரம்பித்துவிட்டது. நான் முதலாளியைப் பார்த்து, "பார்த்தீங்களா, உங்க தெரிஞ்ச மூஞ்சி" என்று சொல்லக்கூடாத நேரத்தில் சொன்னேன். அவர் பாவம், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் வேறு பயம். இந்தப் பிள்ளைகள்தான் என் அறைக்குக் கடைசி வாய்ப்பு. இந்த மனநிலையில் அவர்களை இருட்டுக்குள் கூப்பிட்டால் எவன் வருவான்?

அப்போது என் புடவையை யாரோ இழுத்தார்கள். இரட்டைப் பின்னல், மூன்றாவது படிப்பாள். பெரிய எலியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ், இதுக்கு மட்டும் ஏன் ஒரு கண்ணுல பேப்பர் ஒட்டி கீது? கண்ணுல அடிபட்டுச்சா?"

ஒரு வாரமாகப் பார்க்காத சுவரை அப்போதுதான் பார்த்தேன். மீசைக்காரன் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வெள்ளை முட்டைகள். இடப்பக்கத்து முட்டை வெறுமை. வலப்பக்கத்து முட்டையின் நட்டநடுவில், அந்தச் செய்தித்தாள் துண்டு. என் வில்லை இருந்த இடம் எலிக்குக் கண்மணி இருக்க வேண்டிய இடம். கட்டம் போட்டுப் பெரிதாக்குகிறவனுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. கட்டங்களை நகர்த்தி, எலியை நகர்த்தி, மீசையை நகர்த்தி, கண்ணைக் கொண்டுவந்து வில்லையின் மேல் வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால்தானே?

நான் அந்தப் பேப்பரின் முனையைப் பிடித்தேன்.

"டீச்சர், வாணாம்! ராகு காலம்!" என்று ஓவியர் பின்னாலிருந்து கத்தினார்.

"எனக்கு ராகு காலம் கிடையாதுங்க" என்றேன். எங்கள் வீட்டில் கெட்ட நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாக மாதா கோயிலுக்குள் நுழைவதுதான். பேப்பரைக் கிழித்தேன். வில்லை வெயிலில் பளிச்சென்று மின்னியது. பிள்ளைகள் எல்லாம் "ஹே!" என்றார்கள். எலி பார்த்துவிட்டது.

"எலி இப்போ என்ன பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டேன். "தலைக்குள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்க."

பேய் ரூம் என்று யாரும் சொல்லவில்லை. இருட்டாக இருக்கிறதே என்றும் சொல்லவில்லை. எலியின் தலைக்குள் இருட்டாகத்தானே இருக்கும்? முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். திரையை இழுத்து மூடினேன். கண் பழகும்வரை காத்திருந்தோம். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சுவரில் ஒரு சிவப்பு மெல்லத் தெளிந்தது. ஒரு பஸ், சக்கரம் மேலே, சத்தமில்லாமல் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.

அந்தச் சின்ன அறையில் எழும்பிய கூச்சல் என் காதில் இன்னும் இருக்கிறது. "டீ மேல ஊத்துறாரு! டீ மேல போவுது!" "சைக்கிளு! சைக்கிளு!" "எலிக்கு எல்லாம் இப்டித்தான் தெரியுமா மிஸ்?" நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை, இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. என் ஆட்டை இருபத்தைந்து வருடம் கழித்து ஒருவழியாக எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

"எலிக்கு மட்டும் இல்லடா, உன் கண்ணுக்குள்ளேயும் இப்படித்தான் விழும்" என்று நான் பாடத்தைத் தொடங்கும் நேரத்தில், சுவரில் ஒரு மனிதர் தோன்றினார். வெயிலில், வேலியோரம். மற்ற எல்லோரும் தலைகீழாக இருக்க, அவர் ஒருவர் மட்டும் நேராக நின்றார். கால் கீழே, தலை மேலே, முகம் எல்லாம் சிரிப்பு. ஒரு கணம் எனக்கே புரியவில்லை. இரட்டைப் பின்னல்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"பெயிண்டர் அண்ணா கையை ஊணி நிக்கிறாரு!"

பாதிப் பேர் அதைப் பார்க்க வெளியே ஓடினார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். ஓவியர் விழுந்து எழுந்து மறுபடி கையை ஊன்றினார். நல்லவேளை, அன்று பேண்ட் போட்டிருந்தார். அப்புறம் ஆளாளுக்கு வேலியோரம் போய்க் கரணம் அடித்தார்கள். உள்ளே இருப்பவர்கள் கைதட்டினார்கள். யார் எந்தப் பள்ளிக்கூடம் என்றே தெரியவில்லை.

திரையோரம் பட்டு வேட்டி தெரிந்தது. முதலாளி ராகு காலத்தைப் பார்ப்பதா, உள்ளே பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தார். "ஓரமா நின்னு பாக்கறது தொடங்குனதா ஆவாது இல்ல டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் அப்பா நாற்று நட்ட நிலத்தின் ஓரம், வேலியும் சாலையும் அவருக்கு எதிரே தலைகீழாகத் தொங்கின. வெகுநேரம் நின்றார். போகும்போது, "ஐஸ்கிரீம் கடைய பக்கத்துல போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கார்ட்டூன் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், நான் இன்றைக்கும் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். வாக்குக் கேட்ட அந்தப் பூனை ஒன்றுக்கும் உதவாமல்தான் நின்றது. எலி வரலாம். ஆனால் எலிக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். என்னையே பௌதிகத்துக்கு இழுத்து வந்தது ஒரு ஆடு என்பதை நான் எப்படி மறந்துபோனேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பத்தரை ஆயிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள். ஓவியர் குளித்தவர்போல முகம் கழுவிக்கொண்டு, கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷுமாகக் கிளம்பினார். பிள்ளைகள் பின்னாலேயே ஊர்வலம் போனார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு கைதட்டல். வாத்து விழித்தது. பூனை விழித்தது. கடைசியில் எலியின் இடக்கண்ணையும் திறந்தார். வலக்கண் பக்கம் பிரஷ் போனதும் பிள்ளைகள், "வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தினார்கள்.

"நான் எங்க தொறக்கறது?" என்று அவர் பிரஷ்ஷை இறக்கினார். "இத்தான் அப்பவே தொறந்தாச்சே. நல்லா உச்சி ராகு காலத்துல, டீச்சர் கையால." என்னைப் பார்த்தார். "வந்து பாருங்க டீச்சர், மொறைக்கிதா?"

நான் எலியின் எதிரே போய், வெயிலில் நின்று, நிமிர்ந்து பார்த்தேன். அந்த முறுக்கு மீசைக்குக் கீழே வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. முறைப்பா? மருந்துக்கும் இல்லை. அதற்குள் சில பேர் மறுபடி அறைக்குள் புகுந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எலியின் தலைக்குள்ளிருந்து இரட்டைப் பின்னல்காரியின் குரல் கேட்டது.

"ஏய், இங்க பாருங்க! மிஸ் தலகீழா நிக்கிறாங்க!"

ஆமாம் என்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.